செம்பியின் அரிப்பும் பட்டறை நோட்டும்

இரவு ஒன்றரை மணி வாக்கில் தொடங்கும். சல் சல் சல் சல் என்று ஒரே சீராக, நிற்காமல். கொஞ்சம் ஓயும். பிறகு ஈரநாக்கால் பாதத்தை நக்குகிற சத்தம். மறுபடியும் சல் சல் சல். மூன்று மணி வரை அதைக் கேட்டபடியே படுத்திருப்பேன். எழுந்துபோய் எங்கள் நாய் செம்பியின் காலைப் பிடித்தால் நிறுத்துவாள். கையை எடுத்ததும் தொடங்குவாள். ஏதோ தப்புச் செய்துவிட்டவள் மாதிரி காதைத் தாழ்த்திக்கொண்டு என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடிந்ததில்லை.

எங்களுடையது வெள்ளிக் கொலுசுக் குடும்பம். செவ்வாய்ப்பேட்டையில் மாமனார் காலத்துப் பட்டறை, வீடு கன்னங்குறிச்சிப் பக்கம். செம்பியை இரண்டு மாதக் குட்டியாகத் தூக்கிவந்த வாரமே அத்தை பட்டறையிலிருந்து ஐந்து சலங்கை மணிகளை எடுத்துவந்து கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் கட்டினார். "பொட்டப்புள்ள வந்திருக்குது, வெறுங்கழுத்தோடவா விடறது" என்றார். செம்பி லேப்ரடார் இனம். செம்பு நிறம், அதனால் அந்தப் பெயர். ஒரு வருடம் அந்த மணிச்சத்தம் வீடு முழுக்க ஓடியது. ஒன்றேகால் வயதுக்குப் பிறகு அதே சத்தம் ராத்திரியில் வேறு பொருளில் கேட்க ஆரம்பித்தது. ஒருநாள் நடுச்சாமத்தில் அத்தையே எழுந்துவந்து கயிற்றைக் கத்தரித்து, மணிகளைச் சாமி மாடத்தில் கொண்டுபோய் வைத்தார். யாரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

முதலில் முன்னங்கால் விரலிடுக்கு. வெளிர்நிறமாக இருந்த முடி எச்சில் பட்டுப் பட்டுத் துருநிறமானது. பிறகு காது, அக்குள், தொடையிடுக்கு, அடிவயிறு. தைப்பொங்கல் வருவதற்குள் அடிவயிற்றுத் தோல் கறுத்துத் தடித்து யானைத்தோலாகிவிட்டது. கிட்டே போனால் புளித்துப்போன இட்லி மாவு வாடை. குளிப்பாட்டிய இரண்டாம் நாளே அந்த வாடை திரும்பிவிடும்.

சொறிநாய் என்பது நம் பேச்சில் வசவு. அந்தச் சொல்லை என் வீட்டு வாசலில் என் பிள்ளையை நோக்கிச் சொல்லிக் கேட்கும்வரை அதன் கனம் எனக்குத் தெரியாது. தெருவில் இறங்கினால் குழந்தைகளை இழுத்து ஓரமாக நிறுத்திக்கொள்வார்கள். ஒட்டுவாரொட்டி என்று பயம். என் வீட்டுக்காரர் விடிகாலை நாலரைக்கே, இருட்டு விலகுமுன் அவளைக் கூட்டிப்போய்வர ஆரம்பித்தார். ஏன் அந்நேரத்துக்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அதே வெட்கம் இருந்தது. ஒவ்வாமையால் வரும் அரிப்பு யாருக்கும் ஒட்டாது என்பதை அப்போது அடித்துச் சொல்ல எங்களுக்கு அறிவும் போதவில்லை, தைரியமும் போதவில்லை.

வைத்தியம் சொல்லாத ஆள் இல்லை. வேப்பெண்ணெய், புங்கெண்ணெய், மஞ்சளும் குப்பைமேனியும் அரைத்த விழுது. வொர்க்‌ஷாப்பில் வேலை செய்கிற ஒருவர், வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயிலைப் பூசச் சொன்னார். நல்லவேளையாக அதை மட்டும் செய்யவில்லை. அது தோல் வழியாகவும் நக்குவதாலும் உள்ளே போய் நாய்க்கே விஷமாகிவிடும். அத்தை, வெள்ளி துலக்கும் பூவந்திக்கொட்டையை ஊறவைத்து நுரைத்துத் தேய்த்துப் பார்த்தார். கருத்த கொலுசைப் பளபளப்பாக்குவது ரணமான தோலில் எரியும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. வேப்பெண்ணெயைத் தேய்த்தது நான். சொறிந்து தோலுரிந்த அக்குளில் நன்றாக அழுத்தித் தேய்த்தேன். அவள் கத்திக்கொண்டு ஓடிக் கட்டிலுக்கடியில் புகுந்தவள் சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. அன்றுமுதல் பல மாதங்களுக்கு, என் கையில் எண்ணெய்க் கிண்ணத்தைக் கண்டாலே நடுங்குவாள். தலைக்கு எண்ணெய் வைக்க எடுத்தாலும்கூட.

பக்கத்தில் ஒரு மருத்துவரிடம் போனோம். ஊசி போட்டார். அன்றிரவு செம்பி விடிய விடியத் தூங்கினாள், நாங்களும் தூங்கினோம். மருத்துவரைக் கும்பிடத் தோன்றியது. மூன்று வாரத்தில் அரிப்பு திரும்பியது. மறுபடி ஊசி. இப்படி ஐந்து மாதத்தில் ஆறு ஊசி. அதில் என்ன இருக்கிறது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சட்டி சட்டியாகத் தண்ணீர் குடித்தாள். வீட்டுக்குள் ஒருநாளும் அசிங்கம் செய்யாதவள் கூடத்தில் சிறுநீர் கழித்துவிட்டு மூலையில் போய் நின்றாள். எவ்வளவு சாப்பிட்டாலும் பசி. வயிறு தொங்கியது, தொடைச்சதை வற்றியது, படுத்திருக்கும்போதே மூச்சிரைத்தது. நீண்டநாள் வேலைசெய்யும் ஸ்டீராய்டு ஊசி அது என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஸ்டீராய்டையே விஷம் என்று சொல்லிவிடவும் நான் தயாரில்லை. அரிப்பு கொழுந்துவிட்டு எரிகிற சமயத்தில் சில நாள் மாத்திரையாகக் கொடுத்து, பிறகு படிப்படியாகக் குறைத்து நிறுத்தினால் அது பெரிய உதவி. மாத்திரை என்றால் அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். ஊசியாக ஒருமுறை உள்ளே போய்விட்டதைத் திரும்ப எடுக்க வழியில்லை. எனக்கிருக்கிற வருத்தம் மருந்தின்மேல் இல்லை. ஏன் அரிக்கிறது என்ற கேள்வியை ஐந்து மாதமாக யாரும் கேட்கவில்லையே என்பதுதான்.

இதற்கு நடுவில் ஏற்காட்டுக் கதை ஒன்று உண்டு. நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் நாத்தனார் வீட்டுக்காரர் கணக்கெழுதும் ரைட்டராக இருக்கிறார். சித்திரை வெயிலில் சேலம் கொதித்தபோது, "மலைக்காத்து பட்டா எல்லாம் சரியாப் போயிரும், கூட்டிட்டு வாங்க அண்ணி" என்றாள் நாத்தனார். இருபது கொண்டை ஊசி வளைவும் செம்பி என் மடியில் தலைவைத்துக்கொண்டே வந்தாள். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், சில்வர் ஓக் நிழல், அதில் ஏறிக்கிடக்கும் மிளகுக்கொடி, காலையில் வாசல்வரை வரும் மேகம். பத்து நாள் அவள் சொறியவே இல்லை. காபிச்செடிகளுக்கு நடுவே பழைய செம்பியாக ஓடினாள். இங்கேயே ஒரு வீடு பார்த்துக்கொண்டு வந்துவிடலாமா என்றுகூட நாங்கள் பேசினோம்.

வைகாசியில் மழை பிடித்துக்கொண்டது. நான்கே நாளில் முகம் வீங்கி, கண்ணைச் சுற்றி முடி உதிர்ந்து, காதிலிருந்து கசியும் அளவுக்குப் போய்விட்டது. சேலத்தில்கூட அவ்வளவு மோசமாக நான் பார்த்ததில்லை. ஏன் என்று இப்போது எனக்குத் தெரியும். முதல் பத்து நாள் அவளைக் காப்பாற்றியது மலைக்காற்று இல்லை, கிளம்புவதற்கு முந்தின நாள் போட்ட ஊசி. அதன் வேகம் இறங்கிய வாரமும் மழை தொடங்கிய வாரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. பாசத்தோடு நாத்தனார் விரித்துக்கொடுத்த பழைய கம்பளிதான் அவள் படுக்கை. வீட்டுத்தூசியில் வாழும் சிற்றுண்ணிகள் கண்ணுக்குத் தெரியாதவை. நம் உடம்பிலிருந்தும் நாய் உடம்பிலிருந்தும் உதிரும் தோல்துகள்தான் அவற்றுக்குத் தீனி. அவை தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் உயிர்வாழ்கின்றன. மழைக்கால மலைவீட்டுக் கம்பளியைவிட அவற்றுக்கு வேறு சொர்க்கம் வேண்டாம். தோலில் இருக்கும் ஈஸ்ட் கிருமிக்கும் ஈரம் பிடிக்கும். சுத்தமான காற்று என்று நாம் நினைப்பதும் அவள் தோலுக்கு ஒத்துவருவதும் வேறுவேறு.

திரும்பி வந்து, ஆனி மாதம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போனோம். 1985ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் கல்லூரி. சேலத்திலிருந்து ஒருமணிநேரச் சொச்சப் பயணம். கோழி, மாட்டுக்குத்தான் நாமக்கல் என்று நினைத்திருந்தேன். அங்கே ஒரு இளம் மருத்துவர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, செம்பியின் விரல் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தார். பிளேடால் தோலைச் சுரண்டி எடுத்தார், செல்லோடேப்பை ஒட்டிப் பிரித்தார், காதுக்குள் பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்தார். மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்து, கிருமியும் ஈஸ்டும் நிறைய இருக்கின்றன, சொறி உண்டாக்கும் பூச்சி தென்படவில்லை என்றார்.

"இந்தத் தோல் அலர்ஜிக்கு அடோபிக் டெர்மடைடிஸ்னு பேரு. இதுக்குன்னு தனியா ஒரு டெஸ்ட் கிடையாதுங்கம்மா. உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறிப்பூச்சி, பூஞ்சை, சாப்பாடுன்னு ஒவ்வொண்ணாக் கழிச்சுக்கிட்டே வரணும். கடைசில மிஞ்சுறதுதான் இது."

நமக்குத் தூசியும் மகரந்தமும் ஒத்துக்கொள்ளாவிட்டால் தும்மலாக, மூச்சிரைப்பாக வரும். நாய்க்கு அது பெரும்பாலும் தோலில் வருகிறது. இப்படிப்பட்ட நாய்களுக்குத் தோலின் மேலடுக்கே பிறவியில் பலவீனம்; பூச்சு உதிர்ந்த சுவரில் ஈரம் இறங்குவதுபோல் வெளியில் இருப்பதெல்லாம் உள்ளே இறங்குகிறது. பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் தொடங்கும். லேப்ரடார் இனத்தில் அடிக்கடி பார்க்கக்கூடியது. இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் அவர் சொன்னதுதான் என் நெஞ்சில் நின்றது.

"இது தீராதுங்கம்மா. ஆனா அடங்கும்."

கார் ராசிபுரம் தாண்டும்வரை அழுதேன். தீராது என்பது மட்டும்தான் அன்று காதில் விழுந்திருந்தது.

ஊசியின் வேகம் உடம்பைவிட்டு இறங்கட்டும் என்று சில வாரம் காத்திருந்துவிட்டு, சாப்பாட்டுச் சோதனையைத் தொடங்கினோம். அவள் பிறந்ததிலிருந்து சாப்பிடாத ஒரு புரதம், ஒரு மாவுப்பொருள். வேறு எதுவும் கூடாது, எட்டு வாரம். கோழி, முட்டை, ஆட்டுக்கறி, பால், தயிர் எல்லாமே அவள் ஏற்கெனவே தின்றவை. மீன் மட்டும்தான் எங்கள் வீட்டில் அபூர்வம். மேட்டூர் அணை மீனை வாங்கிவந்து வேகவைத்து, முள்ளை ஒவ்வொன்றாக நீவி எடுத்து, சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு பிசைந்து கொடுத்தோம். பிஸ்கெட் கிடையாது. கோழி வாசனை சேர்த்த பூச்சிமாத்திரைகூடக் கிடையாது.

மூன்றாம் வாரம் ஆடிக்கூழ் வந்தது. கோட்டை மாரியம்மனுக்குச் சாற்றுகிற வாரம், தெருவே கூழ் ஊற்றுகிறது, இவள் மட்டும் எச்சில் வடியப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மோர் கலந்த கூழை அத்தை ஒரு கிண்ணம் ஊற்றிவிட்டார். "அம்மன் பிரசாதம் கண்ணு, அது என்ன பண்ணிரும்" என்றார். நான் கத்திவிட்டேன். அத்தை அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஆவணி முதல் தேதியிலிருந்து எல்லாவற்றையும் திரும்பத் தொடங்கினோம்.

அப்படித் தொடங்கியதால் சோதனையின் பின்பாதி முழுக்கப் புரட்டாசியில் வந்து விழுந்தது. புரட்டாசியில் எங்கள் வீட்டு அடுப்பில் கவுச்சி ஏறாது. நான் எப்படிக் கேட்பது என்று தவித்துக்கொண்டிருந்தேன். முதல் சனிக்கிழமை காலை கொல்லைப்புறத்திலிருந்து புகை வந்தது. போய்ப் பார்த்தால், மூன்று செங்கல்லைக் கூட்டி, ஒரு பழைய அலுமினியச் சட்டியில் அத்தை மீன் வேகவைத்துக்கொண்டிருக்கிறார், நெற்றியில் நாமத்தோடு. "மருந்துதானே. பெருமாள் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டார்" என்றார். அந்த மாதம் முழுக்க அவர்தான் சமைத்தார். பிறகு குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்.

எட்டு வாரம் முடிந்தது. அரிப்பு பெரிதாகக் குறையவில்லை. கோழியைத் திரும்பக் கொடுத்துப் பார்த்தோம், பாலைக் கொடுத்துப் பார்த்தோம். இரண்டு வாரமாகியும் கூடவும் இல்லை. சாப்பாடு காரணமில்லை. இவ்வளவு பாடும் வீணா என்று வீட்டுக்காரர் சோர்ந்துபோனார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதுவரை வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் கோழி சூடு, அதைப் போடாதே, முட்டை கரப்பான், அதை நிறுத்து என்று ஆளுக்கொன்று சொல்லி அவள் தட்டையே காலியாக்கி வைத்திருந்தார்கள். இனி அவள் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

இது எப்படி அவ்வளவு உறுதியாகத் தெரிந்தது என்றால் நோட்டுதான். அரிப்புக்கு 0 முதல் 10 வரை தினமும் மதிப்பெண் போடச் சொல்லியிருந்தார் மருத்துவர். சாதாரண நாய் எப்போதாவது சொறிவது 0, 1. சாப்பாட்டை விட்டுவிட்டுச் சொறிந்தால், தூக்கத்திலிருந்து எழுந்து சொறிந்தால் 8க்கு மேல். பட்டறையில் வெள்ளி கொடுத்தது, கொலுசாகத் திரும்பி வந்தது, சேதாரம் என்று கோடுபோட்டு எழுதும் நீள நோட்டு ஒன்றை எடுத்தேன். தேதி, மதிப்பெண், எந்த இடம், மழையா வெயிலா, எங்கே நடந்தாள், என்ன மருந்து. மகள் பள்ளிவிட்டு வந்ததும் எழுதுவாள். ராத்திரிக் கணக்கை நான் எழுதுவேன். வெள்ளியில் ஒரு கிராம் குறைந்தாலும் நோட்டில் தெரிந்துவிடும். இதிலும் அப்படித்தான் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது.

மழைக்குப்பின் எங்கள் பக்கத்துக் காலிமனைகளில் பார்த்தீனியம் இடுப்புயரம் வளரும். மனிதர்களுக்கே அது தோலில் ஒவ்வாமையைக் கொண்டுவரும் செடி. அந்த மனைகள் வழியாக நடந்துவந்த மறுநாளெல்லாம் நோட்டில் 7, 8. மூக்கனேரிக் கரைப்பக்கம் நடந்தால் 5. அவளுக்கு அதுதான் காரணம் என்று நான் நிரூபிக்க முடியாது. பாதையை மாற்றிவிட்டோம், அவ்வளவுதான். வந்ததும் பாதத்தையும் வயிற்றையும் ஈரத்துணியால் துடைத்து, விரலிடுக்கை உலர்த்துகிறோம். கம்பளி, மெத்தை எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பருத்திப் போர்வைதான். வாரம் ஒருமுறை கொதிக்கிற தண்ணீரில் அலசி மொட்டைமாடியில் காயப்போடுகிறேன். சேலத்து வெயிலைத் திட்டியே வளர்ந்தவள் நான். இப்போது அது எனக்கு மருந்துக்கடை மாதிரி.

என் தப்பு இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். கிருமிக்கு மூன்று வாரம் மாத்திரை கொடுத்திருந்தார்கள். பத்தாம் நாளே தோல் சுத்தமாகத் தெரிந்ததால் நிறுத்திவிட்டேன். அடுத்த மாதம் புண் திரும்பியபோது அதே மாத்திரை கேட்கவில்லை. புண்ணிலிருந்து கிருமியை எடுத்து வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை செய்தபோது மூன்று மருந்துகளுக்குக் கிருமி அசையாது என்று வந்தது. நோட்டில் அந்தப் பக்கத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

ஐப்பசியில் ஒக்லாசிடினிப் மாத்திரையைத் தொடங்கினோம். அரிக்கிறது என்று உடம்பு அனுப்புகிற செய்தியை நடுவழியில் தடுக்கிற மருந்து. 2013இல் அமெரிக்காவில் நாய்களுக்கு அனுமதி பெற்றது. ஒரு வயதுக்குக் குறைந்த குட்டிக்குக் கொடுக்கக்கூடாது. அவளுக்கு முதல் 14 நாள் காலையும் மாலையும், பிறகு ஒருவேளை. மறுநாள் காலை நான்கு மணிக்குத் திடுக்கிட்டு விழித்தேன். சத்தமே இல்லை. ஓடிப்போய் மூக்கில் கைவைத்துப் பார்த்தேன். காலை நீட்டி, வயிறு ஏறி இறங்க, ஆழ்ந்த தூக்கம். 15ஆம் நாள் ஒருவேளையாகக் குறைத்ததும் அரிப்பு லேசாகத் தலைதூக்கியது. பலருக்கும் அந்த இடத்தில்தான் மனம் உடையும். விடாமல் தொடர்ந்ததில் ஒன்றரை வாரத்தில் 4இல் வந்து நின்றது. அவ்வப்போது ரத்தப் பரிசோதனை உண்டு. செலவும் உண்டு, எங்கள் வீட்டு மாத மளிகையில் பாதி அதற்குப் போகிறது. கடையில் எளிதாகக் கிடைக்கும் மலிவான அலர்ஜி மாத்திரையான செட்ரிசின் இவளுக்கு ஒன்றும் செய்யவில்லை.

மாத்திரை மட்டும் போதும் என்றால் இந்தப் பதிவை இங்கேயே முடித்திருப்பேன். குளியல்தான் பாதி. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்பூ, வாரம் ஒருமுறை. மோசமான வாரத்தில் இரண்டுமுறை. போர் தண்ணீரின் உப்பில் நுரையே வராது என்பதால் அவள் குளியலுக்கென்று காவிரித் தண்ணீரைப் பிடித்து வைக்கிறோம். நுரையைத் தேய்த்தபின் பத்து நிமிடம் அப்படியே விட வேண்டும், அதற்குள் நக்கவும் விடக்கூடாது. அந்தப் பத்து நிமிடமும் அத்தை ஒரு முக்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்து, அன்று தெருவில் நடந்ததையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். செம்பி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நிற்பாள். குழந்தைகள் ஷாம்பூ போட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: நாயின் தோலும் நம் தோலும் அமிலத்தன்மையில் ஒன்றில்லை. நமக்கு இதமானது அவற்றுக்கு வறட்சி.

"இவ்வளவு கஷ்டப்படுத்தறதுக்கு ஒரு ஊசி போட்டு அனுப்பிரலாமே" என்று உறவில் ஒருவர் சொன்னார், அவள் எதிரிலேயே. அன்று அவர்மேல் ஆத்திரம் வந்தது. ஆனால் ஏற்காட்டில் அவள் கண் திறக்க முடியாமல் கிடந்த அந்த இரவில் நானும் அதை நினைத்தேன். இதே நிலையில் விழித்திருக்கிற யாராவது இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். அப்படித் தோன்றியதற்காக உங்கள் அன்பைச் சந்தேகப்பட வேண்டாம். தூக்கமில்லாத உடம்புக்குத் தோன்றுவது அது. முதலில் நாயும் நீங்களும் நாலு இரவு தூங்க வழி கேளுங்கள் மருத்துவரிடம். முடிவுகளை அதன்பிறகு பேசலாம்.

இப்போது செம்பிக்கு நாலு வயது. அடிவயிற்றில் கறுப்பு வெளுத்து, பூனைமுடி மாதிரி மென்முடி வந்திருக்கிறது. விடிந்தபிறகுதான் நடக்கப் போகிறாள், எல்லாரும் பார்க்க. யாராவது தயங்கி நின்றால் வீட்டுக்காரரே நின்று, "அலர்ஜிங்க, ஒட்டாது" என்று சொல்லிவிட்டு நகர்கிறார். வருடத்தில் இரண்டு மூன்று முறை ஏறும். மழை முடிகிற சமயத்தில் நிச்சயம் ஏறும். ஏறினால் நோட்டைப் புரட்டிப் போன வருடம் இதே வாரம் என்ன செய்தோம் என்று பார்க்கிறேன்.

போன தையில் அத்தை சாமி மாடத்திலிருந்த மணிகளை எடுத்துப் பூவந்திக்கொட்டையில் துலக்கினார். கழுத்தில் வேண்டாம், உராயும் என்றேன். மார்புப்பட்டையில் ஓரமாகத் தைத்துக்கொடுத்தார். வெளியே போகும்போது மட்டும் மாட்டுகிறோம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்கிறது, வந்துகொண்டிருக்கிறார்கள். ஈரத்துணியை எடுத்துவைக்க வேண்டும். நேற்றைய கணக்கு: 3. இரவு ஒருமுறை எழுந்தாள். இடது காது கொஞ்சம் சிவப்பு.